நூறாவது உழவர் சந்தை பல்லாவரத்தில்! தெரியுமா?

பாலுக்காக நீங்கள் கொடுக்கும் 100 ரூபாயில் ஏறக்குறைய 70 ரூபாய் மாடு வளர்ப்பவர் கைக்குப் போய்ச் சேருகிறது, தெரியுமா? முட்டைக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் கோழி வளர்ப்பவருக்கு 75. சரி, தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு? வெறும் 33! வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரைகளில் 2024-ல் வந்த கணக்கு இது. இந்தியா முழுவதற்குமான மதிப்பீடு.

வெயிலும் அதே வெயில், சாலையும் அதே சாலை. பல வீடுகளில் ஆளும் அதே ஆள்தான். விடியற்காலையில் மாட்டைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அப்படியே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். அவர் ஊற்றிய பாலுக்கு 70 பங்கு, அவரே பறித்த தக்காளிக்கு 33 பங்கு! அதுவும் எப்படி? பால் நம் வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். தக்காளியாவது இரண்டு மூன்று நாள் தாங்கும். சீக்கிரம் கெடும் பொருளை விற்பவருக்குத்தானே பேரம் பேசத் தெம்பு இருக்காது? கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்கிறது!

இந்தப் புதிருக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சோழிங்கநல்லூரிலிருந்து பல்லாவரம் வரை ஒரு சுற்று வந்தால் போதும். வழியெல்லாம் ஆச்சரியங்கள்தான்.

சோழிங்கநல்லூருக்கு வரும் டேங்கர்

சென்னைக்கு ஆவின் பால் பாக்கெட் போடும் பெரிய பண்ணைகளில் ஒன்று சோழிங்கநல்லூரில் இருக்கிறது, தெரியுமா? மற்றவை மாதவரத்திலும் அம்பத்தூரிலும் உள்ளன. பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போகும் பலருக்கு, அதே ஊரில்தான் திருவண்ணாமலை, விழுப்புரம், சேலம் போன்ற மாவட்டங்களின் கிராமத்துப் பால் வந்து பாக்கெட்டாகிறது என்பது தெரியாது. மாநிலம் முழுவதும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப் பால் கூட்டுறவுச் சங்கங்கள், அவற்றுக்கு மேலே மாவட்ட ஒன்றியங்கள், எல்லாவற்றுக்கும் மேலே 1981 பிப்ரவரி 1-ம் தேதி பதிவான தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம். இந்த மூன்றடுக்கைத்தான் ஆவின் என்கிறோம்.

அந்தக் கிராமத்துச் சங்கத்தில் காலை ஆறு மணிக்கு நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு பாட்டி தூக்குவாளியில் மூன்று லிட்டர் கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் கேன் கட்டிக்கொண்டு ஒரு பையன். வடிகட்டி மேல் பாலை ஊற்றுகிறார்கள், அளவு பதிவாகிறது. அந்தப் பாலிலிருந்து ஒரு சின்னக் குப்பி மாதிரி எடுத்து இயந்திரத்தின் குழாயடியில் வைக்கிறார் சோதனையாளர். ஒரு நிமிடம் ஆவதற்குள் திரையில் இரண்டு எண்கள். ஒன்று கொழுப்பு, இன்னொன்று எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பு அல்லாத திடப்பொருள். அந்த இரண்டு எண்களும்தான் லிட்டருக்கு என்ன விலை என்பதைத் தீர்மானிக்கின்றன. சீட்டு கையில் வந்துவிடுகிறது. பாட்டிக்கும் பையனுக்கும் ஒரே இயந்திரம், ஒரே அட்டவணை. இருபது மாடு வைத்திருப்பவர் வந்தாலும் அதே வரிசை!

இயந்திரம் வருவதற்கு முன் லாக்டோமீட்டர்தான். "டிகிரி எவ்வளவு?" என்று இன்றும் ஊரில் கேட்பார்களே, அதுதான். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ நிற்கும். தண்ணீர் கலந்தால் கனம் குறைந்து, லாக்டோமீட்டர் ஆழமாக முங்கும். ஆனால் அந்தக் கருவியை ஏமாற்றவும் வழி இருந்தது, தெரியுமா? கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஏட்டை எடுத்துவிட்டால் மீதிப் பால் கனத்துவிடும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் டிகிரி பழைய இடத்துக்கே வந்து நின்றுவிடும்! இரட்டைத் திருட்டு, சரியான டிகிரி! அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்த சோதனை அதைச் செய்தது. பாலில் கந்தக அமிலத்தை விட்டால் புரதமெல்லாம் கரைந்து, கொழுப்பு மட்டும் பிரிந்து நிற்கும். குப்பியைச் சுழற்றி, கழுத்தில் உள்ள கோட்டில் எத்தனை சதவீதம் என்று படித்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய இந்தச் சோதனை நம் ஊர்ச் சங்கக் கட்டடங்களில், எட்டாவது பத்தாவது படித்த இளைஞர்கள் கையில், வருடக்கணக்கில் நடந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். விவசாயிக்கு நியாயம் கிடைத்த முதல் கருவி அந்தக் கண்ணாடிக் குப்பி!

அளந்த பிறகு ஓட்டம் ஆரம்பம். மடியிலிருந்து வரும்போது பாலின் சூடு சுமார் 37 டிகிரி. கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. கிராமத்திலேயே, அல்லது பக்கத்துப் பெரிய ஊரில், மொத்தக் குளிர்விப்பானில் கொட்டி 4 டிகிரிக்கு இறக்குகிறார்கள். பிறகு சூடு ஏறாத டேங்கர். பண்ணையில் 72 டிகிரியில் 15 வினாடி, உடனே மறுபடி குளிர்ச்சி. இத்தனை பயணமும் முடிந்து, மறுநாள் விடியும் முன் தாம்பரம் சானடோரியத்திலோ சேலையூரிலோ ஒரு பூத் வாசலில் டப்பா டப்பாவாக இறங்குகிறது.

பணம்? வாரத்துக்கு ஒரு தடவையோ பத்து நாளைக்கு ஒரு தடவையோ பட்டுவாடா. நெல்லுக்கு நாலு மாதம் காத்திருக்கும் வீட்டில் மளிகைக்கடைப் பாக்கியையும் பள்ளிக் கட்டணத்தையும் அடைப்பது இந்தப் பால் பணம்தான்.

ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பரில் அரசு அதற்கு மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. ஆக 38. எருமைப்பாலுக்கு 47. அப்போது கடையில் நீல பாக்கெட் லிட்டர் எவ்வளவு? 40 ரூபாய்! வித்தியாசம் இரண்டே ரூபாய். அதெப்படி சாத்தியம்? நீல பாக்கெட்டில் இருக்கும் கொழுப்பு 3 சதவீதம்தான். பசும்பாலில் வருவது சுமார் 4, எருமைப்பாலில் 7 வரை. எடுத்த கொழுப்பு வெண்ணெயாக, நெய்யாக, பால்கோவாவாக வேறு விலைக்குப் போகிறது. பச்சை பாக்கெட்டில் 4.5, ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. தீபாவளிக்கு வாங்கும் ஆவின் நெய்தான், வருடம் முழுக்க நீல பாக்கெட் வாங்கும் வீட்டுக்கும் மாடு வளர்ப்பவருக்கும் இடையில் நின்று விலையைத் தாங்குகிறது!

அந்த நீல பாக்கெட்டே நம் நாட்டுக் கண்டுபிடிப்பு, தெரியுமா? எருமைப்பால் கெட்டி, அதில் கொழுப்பெடுத்த பால்பொடியும் தண்ணீரும் சரியான அளவில் சேர்த்தால், சத்தும் இருக்கும், விலையும் குறையும், நிறையப் பேருக்கு வரும். 1946-ல் பம்பாயில் இதைச் செய்து காட்டியவர் தாரா குரோடி. இன்று நாம் சமன்படுத்திய பால் என்பது அதுதான். அவருக்கும், குஜராத்தின் ஆனந்தைச் சேர்ந்த திரிபுவன்தாஸ் படேலுக்கும், வர்கீஸ் குரியனுக்கும் சேர்த்து 1963-ல் மகசேசே விருது கிடைத்தது.

கிண்டியில் படித்தவர்

குரியன் என்றால் குஜராத், அமுல் என்றுதான் நினைப்போம். அவர் சென்னையில் படித்தவர் என்பது தெரியுமா? கோழிக்கோட்டில் 1921 நவம்பர் 26-ல் பிறந்தவர். லயோலா கல்லூரியில் இயற்பியல், 1943-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனால் வழியில் வரும் அதே கிண்டி! பிறகு அமெரிக்கப் படிப்பு. அரசு உதவித்தொகையில் படித்ததற்காக 1949-ல் ஆனந்தில் ஒரு அரசு வெண்ணெய்ப் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று இருந்தவர், 2012-ல் காலமாகும்வரை அந்த வட்டாரத்து மனிதராகவே இருந்தார். அவர் பிறந்த நாள்தான் இன்று தேசிய பால் தினம்.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் அப்போது பால்பொடியும் வெண்ணெயும் மலைபோலத் தேங்கிக் கிடந்தன. உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1,26,000 டன் பால்பொடியும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பும் இந்தியாவுக்கு இனாமாக வர ஒப்பந்தம் ஆனது. இனாமாக வந்ததை இனாமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? நம் ஊர் மாட்டுக்காரர் பாலை யார் வாங்குவார்? குரியன் அதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அந்தப் பொடியை மறுபடி பாலாக்கி நான்கு பெருநகரங்களில் காசுக்கு விற்றார்கள். பம்பாய், கல்கத்தா, டெல்லி, நான்காவது நம்முடைய மெட்ராஸ்! அப்படி வந்த பணம் கிராமத்தில் குளிர்விப்பு நிலையமாக, மாட்டுத் தீவன ஆலையாக, டேங்கராக மாறியது. 1970-களில் மெட்ராஸில் பால் வாங்கிய குடும்பங்கள் தங்களை அறியாமலே அந்தப் புரட்சிக்கு மூலதனம் போட்டிருக்கின்றன!

1998-ல் இந்தியா அமெரிக்காவைத் தாண்டி உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடானது. 2023-24-ல் 23.9 கோடி டன். உலகப் பாலில் ஏறக்குறைய கால் பங்கு. அதுவும் பெரும் பண்ணைகளால் அல்ல, இரண்டு மாடு மூன்று மாடு வைத்திருக்கும் வீடுகளால்! ஷியாம் பெனகலின் 'மந்தன்' படம் இந்த வீடுகளின் கதைதான். 1976-ல் வந்த அந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர் யார் தெரியுமா? ஆளுக்கு 2 ரூபாய் போட்ட குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர்!

ஐரோப்பாவிலிருந்து இனாமாக வந்த அந்தப் பால்பொடி வேறு மாதிரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். செனகல் நாட்டில் மாடுகளுக்குப் பஞ்சமில்லை. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்க்கும் ஃபுலானி மக்கள் இருக்கிறார்கள். ஆனால் நகரங்களில் குடிக்கும் பாலில் பெரும்பகுதி இறக்குமதிப் பொடியைக் கரைத்தது. மலிவு என்பதால் தாவரக் கொழுப்பு கலந்த பொடியும் ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வருகிறது. அந்த அலையில் எதிர்நீச்சல் போட்டு, மேய்ப்பவர்களிடமே பால் வாங்கித் தயிராக்கி விற்க 2006-ல் ஒரு நிறுவனம் பிறந்தது. லெத்தரி து பெர்ஜே என்று பெயர். சரக்கு இல்லாமல் இல்லை, மாடு இல்லாமல் இல்லை; வாங்கும் ஏற்பாடு இல்லாததே அங்கே குறை.

கென்யா இன்னொரு வழியில் போனது. அங்கேயும் பாலில் ஐந்தில் நான்கு பங்கு சிறு விவசாயிகளுடையது. அதில் பெரும்பகுதி சைக்கிளில் கேன் கட்டி வரும் சிறு வியாபாரிகள் வழியாகப் பச்சைப்பாலாகவே வீடுகளுக்குப் போகிறது. முதலில் அவர்களைத் துரத்தினார்கள். 2004 வாக்கில் அந்தப் போக்கை மாற்றி, சுத்தமாகக் கையாளப் பயிற்சி கொடுத்து உரிமம் வழங்கும் பாதைக்கு வந்தார்கள். பெரிய ஆலைதான் ஒரே வழி என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெருமை

இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் எங்கே பதிவானது, தெரியுமா? குஜராத்தும் இல்லை, பஞ்சாபும் இல்லை. நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கம் இருக்கும் திரூர்! ஆண்டு 1904. அதற்கு அடித்தளம் போட்டது 1890-களில் சென்னை மாகாண அரசு கேட்டு ஃபிரெடரிக் நிக்கல்சன் எழுதிய அறிக்கை. விவசாயியை வட்டிக்காரரிடமிருந்து மீட்க கிராமத்துக்குக் கிராமம் சங்கம் வேண்டும் என்றார் அவர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்ற கூட்டுறவு விதிதான் பால் சங்கத்துக்கும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் சராசரியாக இருக்கும் நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. அவர் தனியாக நின்றால் எந்த வியாபாரியும் காது கொடுக்க மாட்டார்!

கறவை மாட்டைக் காப்பாற்றும் அறிவும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. அந்தப் பல்கலைக்கழகம்தான் இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், 1989-ல் தொடங்கியது. மடிநோய்க்கு அதன் பேராசிரியர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன மருந்து என்ன தெரியுமா? சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, தண்ணீர் விட்டு இளக்கி, பாலைக் கறந்துவிட்டு மடியில் ஒரு நாளைக்குப் பல தடவை பூசுவது. தேசிய பால்வள வாரியமும் இதை நாடு முழுக்கப் பரப்பியது. ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் சில நாள் பாலை ஊற்ற முடியாது, வருமானம் நின்றுவிடும். கற்றாழை வேலிக்கரையில் கிடைக்கிறது! நோய் முற்றினால் கால்நடை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

துண்டுக்குள் பேசிய விலை

இப்போது காய்கறிப் பக்கம் வருவோம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை தெரியாதவர் தென்சென்னையில் உண்டா? பழைய ட்ரங்க் ரோட்டில் செடி, சட்டி, மேசை, பழைய கம்ப்யூட்டர் வரை கிடைக்கும் அந்தச் சந்தை ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை! மாட்டுச் சந்தை என்றாலே தரகர்கள்தான். இரண்டு பேர் கை கொடுப்பார்கள், மேலே ஒரு துண்டு விழும், துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மாட்டுக்காரருக்குக்கூட என்ன விலை ஓடியது என்று தெரியாது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், அந்த 33-க்கும் 70-க்கும் இடையில் விரிந்து கிடப்பது இந்தத் துண்டுதான். பாலில் அளவு கண்ணெதிரே, விலை சுவரில், பணம் பத்து நாளில். காய்கறியில் மூன்றும் துண்டுக்கு அடியில்!

அந்தத் துண்டை விலக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. சென்னை மாகாணம் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. சென்னை நகரத்தில் கொத்தவால்சாவடியில் நெரிசலில் தத்தளித்த மொத்த வியாபாரம் 1996-ல் 295 ஏக்கர் கோயம்பேடு வளாகத்துக்கு மாறியது. ஆசியாவின் மிகப்பெரிய அழிபொருள் சந்தைகளில் ஒன்று! இரவு பத்து மணிக்கு மேல் லாரிகள் வரத் தொடங்கும். மதனப்பள்ளி, கோலார் தக்காளி. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் காய். ஊர் தூங்கும்போது விலை முடிந்துவிடும். ஆனால் ஒரே இடத்தில் எல்லாமும் குவிந்தால் என்ன ஆகும் என்பதை 2020 மே மாதம் காட்டியது. கொரோனாவால் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை அவசரமாகத் திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் கடைசியில்தான் திரும்பி வந்தது. தாம்பரத்துக்கு மேற்கே படப்பையிலும் மணிமங்கலத்திலும் வயல் இருக்கிறது. அங்கே பறித்த காய் கோயம்பேடு வரை போய், கமிஷன் மண்டியில் இறங்கி, மறுபடி வண்டி ஏறித் தாம்பரம் கடைக்கு வருவதென்றால் அந்த இரண்டு வண்டிச் சத்தத்தையும் கொடுப்பது யார்? விளைவித்தவரும் வாங்கும் நீங்களும்தான்!

அதற்காகவே வந்தது உழவர் சந்தை. சண்டிகரில் 1987-ல் 'அப்னி மண்டி', ஆந்திராவில் 1999 ஜனவரி 26-ல் 'ரைத்து பஜார்', அதே ஆண்டு நவம்பர் 14-ல் மதுரை அண்ணாநகரில் நம் முதல் உழவர் சந்தை. முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்தார். அடுத்து நடந்த வேகத்தைப் பாருங்கள்! சரியாக ஓராண்டு. 2000 நவம்பர் 14. நூறாவது உழவர் சந்தை நம் பல்லாவரத்தில்! மதுரையில் தொடங்கிய ஓட்டம் பல்லாவரத்தில் சதம் போட்டது. இன்று மாநிலத்தில் 180-க்கும் மேல் இருக்கின்றன.

உள்ளே நடப்பது தெரியுமா? விற்பவர் விவசாயிதான் என்பதற்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை. என்ன நிலம், என்ன பயிர் என்று அதிகாரிகள் பார்த்த பிறகே கொடுப்பார்கள். கடைக்கு வாடகை கிடையாது. எடைத் தராசு சந்தையிலேயே தருவார்கள், காசு இல்லை. காய்க் கூடையோடு அரசுப் பேருந்தில் ஏறினால் சுமைக் கட்டணம் இல்லை என்ற சலுகையும் திட்டத்தோடு வந்ததுதான். விடியற்காலையில் அக்கம்பக்கத்து மொத்தச் சந்தை விலையைக் கேட்டு, அதிகாரிகளும் விவசாயிகளும் சேர்ந்து அன்றைய விலையை முடிவு செய்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது அடிப்படைக் கணக்கு. வாசலில் கரும்பலகை. அதில் எழுதியதற்கு மேல் விற்கக் கூடாது. துண்டு விலகிவிட்டது!

அங்கே கீரை விற்கும் அம்மாவின் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஈரச் சாக்கை மடித்து விரித்து, சிறுகீரை, அரைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி என்று வேரை உட்பக்கமாக வைத்து அடுக்குகிறார். தண்ணீர் தெளிக்கிறார், அதிகம் தெளித்தால் அழுகிவிடும் என்பதால் விரல் நுனியால் மட்டும். சிறுகீரை விதைத்து இருபத்தைந்து நாளில் அறுப்புக்கு வந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் காசாகும் பயிர் வேறு அதிகம் இல்லை. ஆனால் காலையில் பறித்தது மாலையில் வாடிவிடும். எட்டு மணிக்குள் விற்றால் முழு விலை. பத்து மணி ஆனால் "ரெண்டு கட்டு எடுத்துக்கம்மா, ஒரு கட்டு காசு குடு" என்று அவரே கூப்பிடுவார். பதினொன்றுக்கு மேல் மிஞ்சியது மாட்டுக்கு.

உழவர் சந்தையின் குறையும் அதுதான். விலை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, குளிர்ச்சி எல்லாச் சந்தைக்கும் வரவில்லை. பாலுக்குக் கிராமத்திலேயே குளிர்விப்பான் இருக்கிறது. கீரைக்கும் தக்காளிக்கும் பெரும்பாலும் நிழலும் ஈரச் சாக்கும்தான். பெரும்பாலும் காலை முடிந்தால் சந்தையும் முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள்தான் காய் வாங்கும் பெரிய கூட்டம், அவர்களும் உழவரும் சந்திப்பது அபூர்வம். 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டன. இத்தனை லட்சம் பேர் வாங்கும் சந்தை காலடியில் இருக்கும்போது பக்கத்து வயல்காரருக்கு மாலை நேரக் கடையும், ஒரு சிறு குளிர் அறையும் கொடுக்க முடியாதா? முடியும், முடிய வேண்டும்!

விலை தெரிவது மட்டுமே என்னென்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை சொல்லட்டுமா? 1997 ஜனவரியில் ஒரு காலை. வடகேரளத்தின் வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆள் இல்லாமல் பிடித்த மீனைக் கொட்டினார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்! பிறகு அந்தக் கடற்கரைக்கு செல்போன் வந்தது. படகிலிருந்தே கரைக்குப் பேசி, எங்கே ஆள் இருக்கிறார்களோ அங்கே போனார்கள். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் கணக்கெடுத்து 2007-ல் வெளியிட்டார். மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. இரண்டு பக்கமும் லாபம்!

இதை வேறு விதத்தில் செய்தவர்கள் நம் தரமணிக்காரர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தது. சந்தை விலை, அரசு அறிவிப்பு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம், எல்லாவற்றையும் கணினியில் வாங்கி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டுக்கொண்டார்.

2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? அப்போது அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையில் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. விலை ஏறினால் நமக்கு அரசு இப்படி ஓடி வருகிறது, நல்லது. தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு விழும்போது, பறிகூலிகூடக் கட்டாது என்று விவசாயி ரோட்டில் கொட்டும்போது, அதே வேகத்தில் யார் ஓடி வருகிறார்கள்? பாலுக்கு அந்த நாளிலும் சங்கம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கூடுதலாக வந்தால் பொடியாக்கி வைத்துக்கொள்கிறது. தக்காளிக்கு அப்படி ஒரு கதவு இன்னும் வரவில்லை.

அது வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று கையில் இருக்கிறது. பல்லாவரத்திலோ மேடவாக்கத்திலோ உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் உழவர் சந்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் போங்கள். பையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், சில்லறையும் கொண்டு போங்கள். முதலில் வாசல் பலகையைப் படியுங்கள். பலகை விலைக்கே வாங்குங்கள். கீரை விற்கும் அம்மாவிடம் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.